கிராஃபீன் கவசம் உடையவே மாட்டேங்குதா?

தம்பி, நீங்க உருவாக்குற ஆட்டத்துல விண்கப்பலுக்குக் கிராஃபீன் (ஒரே அணு தடிமன்ல இருக்குற கரிமத் தாள்) கவசம் போட்டதும் எந்தக் குண்டும் துளைக்கல, ஆட்டமே சப்புன்னு ஆயிடுச்சுன்னு கேட்டிருந்தீங்க. கிராஃபீனோட வலுன்னு சொல்ற 130 கிகாபாஸ்கல்ங்கிற எண்ணை அப்படியே கவச வலுவா வச்சதுதான் தப்பு. அது பழுதில்லாத ஓரணுத் தாளோட இழுவிசை வலு. சின்னக் கீறல் இருந்தாலே சட்டுன்னு கிழிஞ்சிடும். அடுக்கினா பென்சில் முனை கணக்கா வழுக்கும்; எங்க களியக்காவிளைப் பக்கத்து ரப்பர் ஷீட்டு மாதிரி ஒண்ணோடொண்ணு ஒட்டிக்காது.

பிசினோட கலந்ததா வச்சு வலுவை நல்லாக் குறைங்க. வெளியே மெல்லிய தகடு, இடைவெளி, அப்புறம் உள்சுவர். 1947ல விப்பிள்ங்கிற வானியலாளர் சொன்ன விண்கல் கவசம் இப்படித்தான். மோதுறது முதல் தகட்டுலேயே சிதறிடும். லேசருக்கு எதிரா மட்டும் தாராளமா மதிப்பெண் கொடுங்க, தாளோட தளத்துல வெப்பத்தைச் செம்பைவிடப் பல மடங்கு கடத்தும். பழுதுபார்ப்புச் செலவையும் ஏத்துங்க. என் ஆட்டத்துல அதை இலவசமா விட்டு, ஒரு மாசம் எவனும் வேற கப்பலே கட்டல.