அலாஸ்கா காட்டுக் கேபினில் மூன்று இரவு: அப்பாவையும் கூட்டிப் போகலாமா?

கேள்வி: சியாட்டிலில் வசிக்கிறோம். ஜூலையில் அலாஸ்காவின் ஜூனோ பக்கம், டாங்கஸ் தேசிய வனத்தில், ஏரிக்கரை கேபின் ஒன்றை மூன்று இரவுக்குப் பதிவு செய்திருக்கிறோம். அடியில் மிதவை பொருத்தி, தண்ணீரிலேயே இறங்கும் மிதவை விமானத்தில்தான் போக முடியும். நான், மனைவி, பத்து வயது மகன். மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பாவையும் அழைத்துப் போக ஆசை. வயது 68, சர்க்கரை உண்டு, நன்றாக நடப்பார். அங்கே என்ன இருக்கும்? என்ன கொண்டு போக வேண்டும்? அவர் வரலாமா?

பதில்: வரலாம். ஆனால் ஒன்றை மனதில் வைத்து மூட்டை கட்டுங்கள்: நான்காம் நாள் காலை உங்களைக் கூட்டிப் போக விமானம் வராமல் போகலாம். மிதவை விமானிகள் கண்ணால் பார்த்து ஓட்டுபவர்கள். மேகம் கீழே இறங்கிவிட்டால் பறக்க மாட்டார்கள், பறக்கவும் கூடாது. தென்கிழக்கு அலாஸ்கா மழைக்காடு. அதே டாங்கஸ் வனத்துக்குள் இருக்கும் கெச்சிக்கன் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 3,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது சுமார் 1,400. ஜூலையிலும் இரண்டு நாள் விடாமல் மூடிக்கிடப்பது சாதாரணம். அதனால் உணவு, அப்பாவின் மருந்து, அடுப்பு எரிபொருள் எல்லாவற்றையும் மூன்று நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. எனவே சியாட்டில் திரும்பும் டிக்கெட்டை, கேபினை விட்டுக் கிளம்பும் நாளிலேயே போட வேண்டாம்.

கேபினில் இருப்பவை: பலகைக் கட்டில்கள் (மெத்தை கிடையாது), மேசை, பெஞ்சு, சூடேற்றும் அடுப்பு, துடைப்பம், வெளியே குழிக் கழிப்பறை. மின்சாரம், குழாய்த் தண்ணீர், பாத்திரம், போர்வை, கைபேசி சிக்னல் எதுவும் இருக்காது. அப்பாவுக்கு மட்டும் நல்ல தடிமனான காற்று மெத்தையாக வாங்கிவிடுங்கள், வெறும் பலகை இடுப்பைப் பிடித்துவிடும். கழிப்பறையில் உட்காரும் இருக்கை இருக்கும், முழங்காலுக்குத் தொந்தரவில்லை. தலையில் மாட்டும் டார்ச், கழிப்பறைக் காகிதம் உங்களுடையதாக இருக்கட்டும்.

அடுப்பு விஷயத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். சில கேபின்களில் விறகு அடுப்பு, சிலவற்றில் எண்ணெய் அடுப்பு. நீங்கள் முன்பதிவு செய்த தளத்திலேயே அந்தக் கேபினுக்கான பக்கத்தில் எது என்று போட்டிருக்கும், இன்றே பாருங்கள். எண்ணெய் அடுப்பு என்றால் எண்ணெயை நீங்கள்தான் கொண்டு போக வேண்டும். பொதுவாக மண்ணெண்ணெய் அல்லது நம்பர் 1 டீசல். அந்தப் பக்கத்தில் சொல்லியிருப்பதைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். பெட்ரோல் ஊற்றினால் வெடிக்கும். விறகு அடுப்பு என்றால், பிளந்த விறகு காத்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இருந்தாலும் ஈரமாக இருக்கலாம். ஜூனோவிலேயே கொஞ்சம் காய்ந்த சுள்ளியும் தீமூட்டிக் கட்டிகளும் வாங்கி, நனையாத பையில் கட்டிக்கொள்ளுங்கள். மரத்துண்டின் வெளிப்பக்கம் நனைந்திருந்தாலும் பிளந்தால் நடுவில் ஓரளவு காய்ந்திருக்கும், அதைச் சிராய்களாகச் சீவினால் பற்றும். நிற்கும் பச்சை மரத்தை வெட்டக்கூடாது, வெட்டினாலும் எரியாது.

அந்த அடுப்பு குளிர்காயத்தான். சமையலுக்குச் சிறிய கேஸ் அடுப்பு தனியாக வேண்டும். அதை எரிக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அந்த வாயு சேர்ந்தால் ஒலிக்கும், பேட்டரியில் ஓடும் அபாய மணி ஒன்றை வாங்கி மாட்டுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தாலும் ஜியார்டியா கிருமி இருக்கலாம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் போதும்.

சாப்பாட்டுக்கு அவல், வறுத்த ரவை, பச்சரிசியும் பாசிப்பருப்பும் கலந்த பொங்கல் கலவை, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி. எல்லாம் எடை குறைவு, சீக்கிரம் வேகும். குக்கரை விட்டுவிடுங்கள். சின்ன விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு, ஆட்களின் எடையையும் கேட்பார்கள். எதையும் மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள், எலி வரும்.

கரடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். ஜூனோவுக்கு எதிரே இருக்கும் அட்மிரால்டி தீவில் பழுப்புக்கரடி மட்டும்தான். தெற்கே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவில் கருங்கரடி மட்டும்தான். ஜூனோ இருக்கும் பெருநிலப் பகுதியில் இரண்டும் உண்டு. உணவு, குப்பை, பற்பசை, கழுவாத பாத்திரம் எதையும் வெளித் திண்ணையில் விடாதீர்கள். நடக்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். பையன் முன்னால் ஓடக்கூடாது. ஜூலையில் சால்மன் மீன் ஏறும் ஓடைகளை விட்டு விலகியே இருங்கள். எதிரே பார்த்துவிட்டால் ஓடாமல், மெல்லப் பேசியபடி பின்வாங்க வேண்டும். கரடி ஸ்ப்ரேயும் கேஸ் குடுவையும் பயணிகள் விமானத்தில், பெட்டிக்குள்ளும் கூட, அனுமதி கிடையாது. ஜூனோவில் வாங்கி, மிதவை விமானியிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஸ்ப்ரே விமானத்துக்குள் பீய்ச்சிவிட்டால் அவர் கண் தெரியாமல் ஓட்ட வேண்டிவரும். அதனால் பலரும் அதை வெளியே, மிதவைக்குள் வைத்துவிடுவார்கள்.

இனி அப்பா. பகல் 17, 18 டிகிரி, இரவு 10 டிகிரி வாக்கில் இருக்கும். அவருக்குக் கம்பளி உள்ளாடை, முழு மழைச்சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வேண்டும். பருத்தி நனைந்தால் குளிரைத்தான் கூட்டும். விமானத்திலிருந்து மிதவைமேல் கால் வைத்து, சில சமயம் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். அதற்கு அவரால் முடியுமா என்று இப்போதே வீட்டுப் படியில் பழகிப் பாருங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ் அவர் தலைமாட்டிலேயே இருக்கட்டும். அப்புறம், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். வேறு எந்த வழியிலும் உதவி கேட்க முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவருடைய மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் போக முடியாத இடத்தில் இவர் இருக்கலாமா? மருத்துவர் தயங்கினால் ஏரிக் கேபினை ரத்து செய்துவிடுங்கள். ஜூனோ சாலையிலேயே, ஈகிள் பீச்சில், மாநிலப் பூங்காத் துறையின் பொதுக் கேபின்கள் இருக்கின்றன. கார் போகும் இடம்தான். அதே மழை, அதே காடு, கடலும் பக்கத்திலேயே. அப்பாவோடு போக எனக்கு அதுவே இன்னும் பிடித்த யோசனை.