டோக்கியோவில் எங்கே ரூம் போடுவது? – கேள்வி பதில்

கேள்வி: முதல் தடவை டோக்கியோ. வயதான அப்பா, அம்மாவோடு நாலு பேர், நாலு பெரிய பெட்டி. நரிதா விமான நிலையத்தில் இறங்குகிறோம். ஷின்ஜுகுவா, உவேனோவா?

பதில்: உவேனோ. ஸ்கைலைனர் ரயில் சுமார் முக்கால் மணி நேரத்தில் கெய்செய் உவேனோ நிலையத்தில் விட்டுவிடும். யமனோதே வட்டப்பாதை, கின்ஸா, ஹிபியா சுரங்க ரயில்கள் எல்லாம் பக்கத்திலேயே.

ஆனால் ஏரியாவை முடிவு செய்வதோடு வேலை முடியாது. ஜப்பானில் நடை நேரத்தை நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். அதுவும் ஹோட்டலுக்கு ஆகக் கிட்டே உள்ள ரயில் நிலைய வாசலிலிருந்து. அந்த வாசலில் படிக்கட்டு மட்டும் இருந்தால் பெற்றோர் திண்டாடிப் போவார்கள். நிலைய வரைபடத்தில் லிஃப்ட் உள்ள வாசலின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஹோட்டலுக்கு வழி போட்டுப் பாருங்கள். "4 நிமிடம்" என்றது 10 நிமிடமாகலாம். அதைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கேள்வி: செமி டபுள் மலிவாக இருக்கிறது. கணவன் மனைவிக்குப் போதுமா?

பதில்: கட்டிலின் அகலம் பெரும்பாலும் 120 செ.மீ., ரூம் 11 முதல் 13 சதுர மீட்டர். இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்க முடியாது. ட்வின் (இரண்டு தனிக் கட்டில்) எடுங்கள், 16 சதுர மீட்டருக்குக் குறையாமல். புகைபிடிக்கும் ரூம்கள் இன்னும் உண்டு. புக் பண்ணும்போது அதையும் பாருங்கள். ஆள் எண்ணிக்கையைக் குறைத்துப் போடாதீர்கள், வாடகை பல இடங்களில் தலைக்கணக்குப்படிதான்.

கேள்வி: சுத்த சைவம். எந்த ஏரியா?

பதில்: இந்தியர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி கசாயில் மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. ஆனால் அது கிழக்கு ஓரம். அங்கே போகும் தோசாய் ரயிலில் காலை நெரிசல் கடுமை, விரைவு ரயில் அங்கே நிற்காது. உவேனோவில் தங்கிக்கொண்டு ஒரு மாலை போய் வேண்டியதை வாங்கி வருவதே மேல். ஹோட்டல் காலை உணவில் மிசோ சூப் உட்படப் பலவற்றில் மீன் சாறு இருக்கும்.

கேள்வி: அசகுசா எப்படி?

பதில்: நல்ல இடம், நரிதா, ஹனேடா இரண்டு விமான நிலையத்துக்கும் நேரடி ரயில் உண்டு. ஆனால் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் பாதையின் அசகுசா நிலையம் அதே பெயருள்ள மற்ற நிலையங்களிலிருந்து சுமார் 600 மீட்டர் தள்ளி இருக்கிறது. பெயர் ஒத்திருக்கும் அகசகா நகரின் வேறு பக்கம். எழுத்தைக் கவனித்து புக் பண்ணுங்கள். லிஃப்ட் உள்ள வாசல் எது என்பதையும்.

கேள்வி: ஷின்ஜுகு நல்லதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சார், ஷின்ஜுகுவை இப்படி ஒதுக்குவது நியாயமில்லை. வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஹகோனேவுக்கு ரயில், ஃபுஜி மலைப் பக்கம் கவகுசிகோவுக்கு பஸ் எல்லாம் அங்கிருந்துதானே?

பதில்: உண்மை. அந்த இரண்டுக்கும் போவதாக இருந்தால் ஷின்ஜுகுவே வசதி. ஆனால் 200க்கும் மேற்பட்ட வாசல்கள் உள்ள நிலையம் அது. தவறான பக்கம் வெளியே வந்துவிட்டால் பெட்டியோடு சுற்றிக்கொண்டு மறுபக்கம் வர வேண்டும். ஹோட்டலை மேற்குப் பக்கம் பாருங்கள். இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் தெருவில் கூப்பிடும் ஆட்களோடு எந்தக் கடைக்கும் போகாதீர்கள், பில் தீட்டிவிடுவார்கள்.

கேள்வி: அப்படியானால் பாதி நாள் உவேனோ, பாதி நாள் ஷின்ஜுகு?

பதில்: ஆறு நாளுக்கு மேல் இருந்தால் செய்யலாம். பெரிய பெட்டிகளை நீங்கள் இழுக்க வேண்டாம். காலையில் ஹோட்டல் வரவேற்பில் சொன்னால் தக்யூபின் என்ற கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்புவார்கள். வழக்கமாக மறுநாள் போய்ச் சேரும். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாளே அனுப்பிவிட்டு, ஓர் இரவுக்கு வேண்டிய துணி, மருந்து, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஹோட்டலில் புக்கிங் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதே பெயரைச் சீட்டில் எழுதுங்கள். பெயர் மாறினால் பெட்டியை வாங்கி வைக்கத் தயங்குவார்கள்.

கேள்வி: நரிதாவில் இரவு 11 மணிக்கு இறங்குகிறேன்.

பதில்: விமான நிலைய ஹோட்டலில் படுங்கள். ரயில் நின்ற பிறகு நகருக்கு டாக்ஸி 20,000 யென்னைத் தாண்டும்.

கேள்வி: ஒசாகாவில் நம்பாவா, உமேதாவா?

பதில்: கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினால் நம்பா, நங்காய் ரயில் நேராகப் போகும். அங்கேயும் லிஃப்ட் வாசலைப் பார்த்துவிட்டே புக் பண்ணுங்கள்.