ரேயின் இரண்டு வீடுகள்

அன்புள்ள சார்,

நீங்கள் பரிந்துரைத்திருந்த ‘மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்’ அனிமேயின் முதல் சீசனைப் பார்த்து முடித்தேன். ரே கிரியாமாவைப் பிடித்துப்போனது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. அம்மா, அப்பா, தங்கை மூவரையும் விபத்தில் இழந்த பையனைக் கூட்டிவந்து வளர்த்தவர் கோடா. சோறு போட்டார், படிக்கவைத்தார், ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி ஆட்டத்தில் அவனை ஆளாக்கினார். அந்த வீட்டைவிட்டு வெளியேறி, பிற்பாடு அறிமுகமான அக்கா தங்கைகள் மூவரைத் தன் குடும்பமாக நினைப்பது நன்றி மறந்த செயல் இல்லையா? நானும் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவன். அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோடா நல்லவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் அவருடைய குணத்தில் இல்லை. அந்த வீட்டில் ரேவுக்கு இடம் கிடைத்த விதத்தில் இருக்கிறது.

சாவு வீட்டுக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். பையனை என்ன செய்வது என்று உறவினர்கள் அவன் காதுபடவே பேசுகிறார்கள். விடுதியில் சேர்க்கலாம் என்கிறார்கள். அப்போது அப்பாவின் நண்பரான கோடா வந்து, உனக்கு ஷோகி பிடிக்குமா என்று கேட்கிறார். பிடிக்கும் என்கிறான் ரே. அது பொய். அப்பாவோடு உட்கார்ந்திருக்கக் கிடைத்த நேரம் என்பதால்தான் அவன் அதை ஆடிக்கொண்டிருந்தான். ஆனால் வேறு பதில் சொன்னால் போக இடம் இல்லை. பத்து வயதுகூட நிரம்பியிராத பிள்ளை, தங்க ஒரு கூரை வேண்டுமென்று சொல்லும் பொய் அது. அன்றிலிருந்து ஷோகிதான் அவன் அந்த வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை.

கோடாவின் சொந்தப் பிள்ளைகள் கியோகோவும் அயுமுவும் ஷோகி ஆடுபவர்கள்தான். ரே அவர்களை மிஞ்சிவிட, போதும், விட்டுவிடுங்கள் என்று அப்பாவே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறார். அயுமு அறைக்குள் முடங்கிக்கொள்கிறான். கியோகோவின் கோபம் ரே மேல் திரும்புகிறது. தோற்றால் ரேவுக்கு அந்த வீட்டில் இடமில்லை. ஜெயித்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் உடைகிறார்கள். வேறொரு பறவையின் கூட்டில் பொரிந்து, அதன் முட்டைகளை வெளியே தள்ளிவிடும் குயில்குஞ்சைப் பற்றித் தெரிந்துகொள்ளும்போது, அது தன் கதைதான் என்று அவனுக்குத் தோன்றுகிறது. நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போதே தொழில்முறை ஆட்டக்காரனாகிறான். பிறகு சுமிதா ஆற்றங்கரையில் தனியாக வாடகைக்கு ஒரு வீடு பிடித்துப் போய்விடுகிறான். இதை நன்றி மறத்தல் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்துக்கு அவனால் செய்ய முடிந்த ஒரே நன்மை, அங்கிருந்து கிளம்புவது.

அப்புறம்தான் நீங்கள் சொன்ன அக்கா தங்கைகளின் வீடு, கவமோதோ வீடு. மூத்த ஆட்டக்காரர்கள் குடிக்கவைத்து விட்டுவிட்டுப் போன ரேயைத் தெருவிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்து படுக்கவைக்கிறாள் மூத்தவள் அகாரி. அவன் யார், எவ்வளவு பெரிய ஆட்டக்காரன் என்பதெல்லாம் அவளுக்குத் தேவையில்லை. மெலிந்து கிடக்கிறான், சாப்பிடவேண்டும், அவ்வளவுதான். அந்த வீடும் நிறைந்த வீடில்லை. அம்மாவும் பாட்டியும் இறந்துவிட்டார்கள், அப்பா விட்டுப் போய்விட்டார். தாத்தாவின் இனிப்புக் கடையில் அகாரி வேலை செய்கிறாள், சில இரவுகளில் சித்தியின் மதுக்கூடத்துக்கும் போகிறாள். முன்னோரை வரவேற்று வழியனுப்பும் ஓபோன் நாட்களில், அம்மாவை நினைத்து ஆற்றங்கரையில் போய் அழுகிறாள் நடுத்தங்கை ஹினாதா. ரேவோ தன் வீட்டுச் சாவுகளைப் பற்றி நினைக்கவே கூடாது என்று மனதைப் பூட்டி வைத்திருப்பவன். அழலாம் என்பதையே அவன் அவளிடமிருந்துதான் தெரிந்துகொள்கிறான்.

நீங்கள் இன்னும் பார்க்காத இரண்டாம் சீசனில்தான் இந்த உறவு முழுமையாகிறது. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். வகுப்பில் ஒதுக்கப்பட்ட தோழிக்காகப் பேசப்போய் ஹினாதாவே குறிவைக்கப்படுகிறாள். அழுதுகொண்டே, ஆனாலும் நான் செய்தது தப்பில்லை என்கிறாள். பள்ளியில் தனியாகவே உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த ரேவுக்கு, அந்த ஒரு பேச்சு தன் சிறுவயதுக்கே யாரோ துணைக்கு வந்ததுபோல் இருக்கிறது. அதன் பிறகு அவன் விருந்தாளி இல்லை. ஒசாகாவில் இறுதி ஆட்டத்தை முடித்த கையோடு, பள்ளிச் சுற்றுலாவில் தனித்துவிடப்பட்ட அவளைத் தேடி கியோட்டோவுக்கு ஓடுகிறான். இந்த அனிமேக்கு மூலமான சிகா உமினோவின் மங்கா, அதாவது படக்கதை, 2007 முதல் வருகிறது. ஷாஃப்ட் நிறுவனம் 2016 முதல் 2018 வரை எடுத்த 44 பகுதிகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானவை இந்தப் பகுதிகள்தான். இங்கு ரே அடைக்கலம் தேடிப் போகவில்லை. அவன் தேவைப்படும் இடத்துக்குப் போகிறான்.

உங்கள் சித்தப்பா வீட்டைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதைவைத்து நான் எதுவும் தீர்மானிக்கக் கூடாது. அங்கே நீங்கள் உண்மையாகவே அன்பாக வளர்ந்திருக்கலாம். ஆனால் சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்கு வைத்துக்கொண்டு, வேறு யாரிடமும் ஒட்டிவிடாமல் இத்தனை காலம் உங்களைக் காத்துவந்திருக்கிறீர்கள் என்றால், அது அவர்களுக்குச் செய்யும் நன்றி இல்லை. சித்தப்பாவை வணங்குங்கள், வயதான காலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே, உங்களைச் சாப்பிடக் கூப்பிடும் நண்பர் வீட்டுக்கும் தயங்காமல் போய் வாருங்கள்.

இரண்டாம் சீசனைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கியோகோவைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.