காளைக்கு ஒரு ஸ்பூன், பன்றிக்குக் கால் லிட்டர்

கேள்வி: காளையிடம் ஒரு தடவைக்கு 5 மில்லி விந்துதான் கிடைக்குமாம், பன்றிக்குக் கால் லிட்டர் வருமாம். அப்போ பன்றிக்குத்தான் வீரியம் அதிகமா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: அளவை வைத்துப் பார்த்தால் வெள்ளாட்டுக் கிடா வெட்கப்பட்டுப் போகும், அதற்கு வருவது ஒரு மில்லி சொச்சம்தான். ஆனால் அந்த ஒரு மில்லியிலேயே 200, 300 கோடி உயிரணுக்கள் இருக்கும்! காளைக்கு மில்லிக்குச் சுமார் 100 கோடி. 5 மில்லி என்றால் 500 கோடி ஆச்சா, ஒரு சினை ஊசிக் குச்சிக்கு (செயற்கைக் கருவூட்டலுக்கு விந்தை அடைத்து வைக்கும் மெல்லிய குழாய்) 2 கோடி போதும், அதனால் ஒரே தடவை எடுத்ததில் 250 குச்சி வரை நிரப்பலாம்.

விரையில் உண்டாவது உயிரணு மட்டும்தான், மீதித் திரவமெல்லாம் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் துணைச் சுரப்பிகளின் கைங்கரியம். காளைக்கு விந்துப்பைச் சுரப்பிகள் பெரியவை, அங்கிருந்து வரும் ஃபிரக்டோஸ் சர்க்கரைதான் உயிரணுவுக்குச் சாப்பாடு. பன்றிக்கோ கௌப்பர் சுரப்பி என்ற இன்னொரு துணைச் சுரப்பி விரலைவிட நீளம், அதிலிருந்து ஜவ்வரிசி மாதிரி ஒரு பசை வரும், சேகரிக்கும்போதே துணியில் வடிகட்டி எறிந்துவிடுவார்கள். பன்றியின் விந்து நேராகக் கருப்பைக்குள் போகிறது, கருப்பையின் இரு கிளைகளான கொம்புகளும் ரொம்ப நீளம், உயிரணுவை அடித்துக்கொண்டு போக அவ்வளவு திரவம் வேண்டியிருக்கிறது. கிடாவின் கௌப்பர் சுரப்பி வேறு மாதிரி வம்பு செய்யும்: அதிலுள்ள நொதி, விந்தை உறைய வைக்கச் சேர்க்கும் முட்டை மஞ்சள் கருவோடு சேர்ந்தால் உயிரணுவையே கெடுக்கும், அதனால் பல இடங்களில் உயிரணுவைச் சுற்றியுள்ள திரவத்தைக் கழுவிவிட்டுத்தான் உறைய வைக்கிறார்கள்.

கேள்வி: சித்திரையில் கிடாவுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. இப்போது நன்றாக ஏறுகிறது, ஆனாலும் பெட்டைகள் சினை நிற்கவில்லையே?
(வாசகர், மணப்பாறை)

பதில்: ஏறுவதை வைத்து விந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. விரைக்கு உடம்புச் சூட்டைவிட 4, 5 டிகிரி குறைவாக இருக்க வேண்டும், காய்ச்சலில் அது கெட்டுப்போகும். உயிரணு உருவாகி முதிர்ந்து வெளியே வர இரண்டு மாதம் பிடிக்கும், அதனால் சித்திரையில் பட்ட அடி ஆனி வரைக்கும் தெரியும். அதுவரை வேறு கிடா விடுங்கள். அப்புறம் விரையைக் கையில் பிடித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவாக, கெட்டியாக, பைக்குள் வழுக்கி நகர வேண்டும். ஒன்று சுருங்கியோ கல் மாதிரியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: காயடித்த உடனே கிடாவைப் பெட்டைகளோடு விடலாமா?
(வாசகர், தேனி)

பதில்: வேண்டாம். விந்துக் குழாயில் மிச்சமிருக்கும் உயிரணுவே சினை பிடிக்க வைத்துவிடும், சில வாரம் தனியாகக் கட்டுங்கள்.