கூரை மூடிய கன்வெர்ட்டிபிள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பதினொரு ஆண்டுகளாக டல்லாஸில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு காலமான என் தாய்மாமா தம்முடைய 1966 செவர்லே இம்பாலா கன்வெர்ட்டிபிளை (துணிக்கூரையை மடித்துத் திறக்கும் கார்) எனக்கு விட்டுச் சென்றார். 1979இல் அவர் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய கார் அது. ஏப்ரல் மாத மாலை ஒன்றில் கூரையைத் திறந்துவிட்டு, இங்கு நடந்த பழைய கார் கண்காட்சிக்கு ஓட்டிச் சென்றேன். பானட்டைத் தூக்கியதும் நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். கூரையே இல்லாத காருக்குத் தொழிற்சாலையிலேயே பொருத்திய ஏசி! சல்லடையில் தண்ணீர் மொண்ட கதை என்றார் ஒருவர். நானும் சிரித்தேன்.

மாமா காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர். ஆனால் டாஷ்போர்டு பெட்டியில், ஏசிக்குக் கேஸ் நிரப்பிய ரசீதுகள் ஒரு கட்டு இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே மே மாதத்தவை. இப்போது கம்ப்ரசர் ஓடவில்லை. அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பகுதி பார்க்க அழகாகவும், கார் எடை குறைந்தும் இருக்கும் என்கிறார் மெக்கானிக். கழற்றிவிடலாமா? அந்தக் காலத்து அமெரிக்கர்கள் ஏன் இப்படி ஆர்டர் செய்தார்கள்? வெறும் பகட்டுதானா? கன்வெர்ட்டிபிள் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் வீட்டில் ஒரு பழைய புகைப்படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கடற்கரைச் சுவர் ஒன்றின் ஓரமாகக் கூரை திறந்த நிலையில் நிற்கும் ஒரு நீளமான கார் அதில் இருக்கும். புகைப்படம் இன்னும் கிடைக்கவில்லை. கடிதம் கிடைத்ததால் அதைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே காரைப் பேணி வைத்திருந்து, அதை மருமகனுக்கென்று விட்டுச் செல்லும் மனிதர்கள் அரிது. உங்கள் மாமாவை நான் அறிந்திருக்கலாமே என்று தோன்றியது. அந்தக் காரைத் துணி போட்டு மூடிவைக்காமல் நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்பதும் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் "நானும் சிரித்தேன்" என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. டல்லாஸில் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர், ஏப்ரல் மாத மாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு காரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா?

தமிழ்ச் சொல் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். கன்வெர்ட்டிபிள் என்றே எழுதுங்கள், யாருக்கும் நட்டமில்லை. பகட்டா என்ற கேள்விக்கும் நீண்ட பதில் தேவையில்லை. பகட்டும் இருந்தது. கேடிலாக் போன்ற விலையுயர்ந்த கார் வாங்க வருகிறவர் ஆர்டர் படிவத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடமாட்டார். 1964இல் வெப்பநிலையைத் தானே காத்துக்கொள்ளும் ஏசியைக் கேடிலாக் நிறுவனம் கொண்டுவந்தபோது அதையும் சேர்த்துக் குறித்தார். ஆனால் இம்பாலா நடுத்தரக் குடும்பங்கள் தவணை கட்டி வாங்கிய கார். அவர்கள் பணத்தை இறைத்தார்கள் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தின் பிழை முழுவதும் "கூரையே இல்லாத கார்" என்ற தொடரில் இருக்கிறது. கூரை இல்லாத கார் என்று ஒன்று உண்டு; அது ரோட்ஸ்டர். பெயரளவில் ஒரு துணி இருக்கும், பக்கவாட்டில் கண்ணாடி இராது, மழை வந்தால் திரைகளை மாட்டிக்கொள்ள வேண்டும். கன்வெர்ட்டிபிள் என்று தனியாகப் பெயர் பெற்றதோ, கதவுக்குள் ஏறி இறங்கும் கண்ணாடி உடைய கார். கண்ணாடியை ஏற்றிக் கூரையையும் மூடினால் அது ஓர் அறை. வெயில் ஊரில் அறைக்குள் இருப்பவர் குளிர்ச்சி கேட்பதில் என்ன வேடிக்கை? செவர்லேயின் வேகக் காரான கார்வெட்டின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1953 முதல் 1955 வரை அதற்குப் பக்கத்திரைகள்தான். 1956இல் ஏற்றி இறக்கும் கண்ணாடி வந்தது. 1963இல் ஏசி வந்தது. கண்ணாடி வந்த பிறகுதான் ஏசிக்குப் பொருள் உண்டு என்ற வரிசை இதில் தெளிவாகத் தெரிகிறது. அந்த முதல் ஆண்டில் விற்ற 21,513 கார்வெட்டுகளில் 278 மட்டுமே ஏசி பெற்றன என்பதும் உண்மை. ஏசிக்கு அன்று கேட்ட 421 டாலர் 80 சென்ட் என்பது காரின் விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கார்வெட் வாங்குகிறவர் வேகத்துக்காக வாங்குகிறவர். ஃபோர்டு நிறுவனமும் 1965 மஸ்டாங்கின் 271 குதிரைத்திறன் எஞ்சினோடு ஏசியைத் தரவில்லை. உங்கள் மெக்கானிக் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். இம்பாலாவில் பந்தயத்துக்குப் போகும் எண்ணம் உங்களுக்கு இல்லையென்றால் எடைக் கணக்கை அவரோடு விட்டுவிடுங்கள்.

கன்வெர்ட்டிபிளுக்கு ஏசி வைப்பது தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை என்பதையும் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். பேக்கார்டு நிறுவனம் 1940ஆம் ஆண்டுக் கார்களில் முதன்முதலாக ஏசியை விற்றபோது குளிரூட்டும் பகுதி டிக்கியில் இருந்தது. நிறுத்த வேண்டுமென்றால் பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 1953இல் கேடிலாக் முதலிய பெரிய கார்களில் வந்த ஏசியும் டிக்கியில்தான் இருந்தது. பின்னிருக்கைக்குப் பின்னாலிருந்து எழும் பிளாஸ்டிக் குழாய்கள் வழியே குளிர்காற்று கூரைக்கு ஏறி அங்கிருந்து இறங்கியது. துணிக்கூரைக் காரில் அந்தக் குழாய்கள் எங்கே போகும்? மடித்த கூரை வந்து அமரும் பள்ளமும் அதே இடத்தில்தானே இருக்கிறது. 1954இல் நேஷ் நிறுவனம் எல்லாவற்றையும் காரின் முன்பகுதிக்கே கொண்டுவந்து, டாஷ்போர்டு வழியாகக் காற்றை விட்டது. இந்த முறை பரவிய பிறகுதான் கன்வெர்ட்டிபிள்காரருக்கு வழி பிறந்தது. உங்கள் மாமாவின் காரில் இருக்கும் ஏசியும் இந்த வகையே. அதன் கம்ப்ரசர் ஃப்ரிஜிடேரின் ஆறு சிலிண்டர் கம்ப்ரசர், நன்றாகப் பராமரித்தால் எஞ்சினோடு சேர்ந்து கிழடாகும் உறுதி கொண்டது.

இனி புகைப்படத்துக்கு வருகிறேன். 1980களின் நடுவில் வேலை நிமித்தமாக மூன்று ஆண்டுகள் ஹூஸ்டனில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் விற்பனைக் கடையொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1965 பியூக் எலெக்ட்ரா கன்வெர்ட்டிபிள் இருந்தது. வெண்ணிற உடல், கருந்துணிக் கூரை, உள்ளே ஏசி. நீங்கள் கேட்டதையே நானும் அவரிடம் கேட்டேன், அதே இளிப்போடு. அவர் பதில் சொல்லவில்லை. ஆகஸ்ட் மாதப் பிற்பகல் மூன்று மணிக்கு, வெயிலில் நின்றிருந்த அந்தக் காரின் கதவைத் திறந்து என்னை உட்காரச் சொன்னார். இருக்கை வினைல், தொடைகள் பட்டதும் எழுந்துவிட்டேன். பெல்ட்டின் உலோகக் கொக்கியைத் தொட முடியவில்லை. கருந்துணி வெயிலைக் குடித்துக் குடித்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்கு அடியிலாவது ஏதோ ஒரு மெத்தை இருக்கும், இங்கே தலைக்கும் சூரியனுக்கும் நடுவில் ஒரு துணி மட்டுமே. பின்பக்கத்துப் பிளாஸ்டிக் சன்னலும் இறங்காது. மூடிய கன்வெர்ட்டிபிள் மற்ற எந்தக் காரையும்விடச் சூடான கார் என்பதை என் உடம்பு அரை நிமிடத்தில் தெரிந்துகொண்டது.

கூரையைத் திறந்துவிடலாமே என்றேன். திறந்தார். நேர் உச்சியில் வெயில். சிக்னலில் நின்றால் காற்றே இல்லை. அது ஹூஸ்டன், ஈரக்காற்று ஊர். ஜூலையில் சராசரிப் பகல் வெப்பமே 40 பாகை செல்சியஸைத் தாண்டும் ஃபீனிக்ஸில் கூரையைத் திறந்து வேகமாக ஓட்டினால், உடல் சூட்டைவிடச் சூடான காற்று அடுப்படி அனலாக முகத்தில் அடிக்கும். அந்தப் பாலை ஊர்களில் ஏசிக்கு முந்தைய காலத்தில் காரின் சன்னலில் தண்ணீர் நிரப்பிய ஓர் உருளையைத் தொங்கவிட்டு, ஈரப்பஞ்சு வழியாகக் காற்றை உள்ளே இழுத்தார்கள். நம் வெட்டிவேர்த் தட்டியின் தத்துவமேதான். ஈரக்காற்று ஊரில் அது பயன்படாது.

அன்று பெரியவர் கூரையை மீண்டும் மூடி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டார். கல்ஃப் ஃப்ரீவே வழியாக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓட்டிக் கால்வெஸ்டன் சேரும்போது என் சட்டை உலர்ந்திருந்தது. மாலையில் கடற்கரைச் சுவரை ஒட்டிய சீவால் சாலையில் கூரையைத் திறந்தார். கடற்காற்று, இறங்கும் வெயில், பின்னிருக்கையில் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் என் மனைவி. அப்போதுதான் அந்தப் புகைப்படத்தை எடுத்தேன். இரவு திரும்பும் வழியில் இடியோடு மழை பிடித்தது. ஓரமாக நிறுத்திக் கூரையை மூடினோம். மூவரின் மூச்சிலும் ஈரத்துணி வாடையிலும் முன் கண்ணாடி பனித்து, சாலையே தெரியவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஏசிக் குமிழைத் திருப்பினார். ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட காற்று வந்து கண்ணாடி தெளிந்தது. ஆறேழு மணி நேரப் பயணத்தில் கூரை திறந்திருந்தது ஒன்றரை மணி நேரம் இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் மனிதர்கள் கன்வெர்ட்டிபிள் வாங்கினார்கள். மிச்ச நேரத்துக்காக ஏசியைக் குறித்தார்கள். கடையில் ஆர்டர் படிவம் நிரப்பிய காலத்தில் அவர் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது, மதியம் எங்கே ஓட்டுவீர்கள் என்பதாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, அதை உங்கள் நண்பர்கள் கவனிக்கவில்லை. ஏசி மலிவாகி எல்லாக் கார்களுக்கும் வந்த பிறகு, காற்றுக்காகக் கூரையைத் திறக்க வேண்டிய தேவையே பலருக்குப் போயிற்று. உருண்டால் கூரை நசுங்கும் கார்களைச் சட்டம் தடைசெய்துவிடும் என்ற அச்சமும் நிறுவனங்களுக்குச் சேர்ந்துகொண்டது. கடைசி அமெரிக்கக் கன்வெர்ட்டிபிள் என்று விளம்பரப்படுத்தப்பட்ட கேடிலாக் எல்டொராடோ 1976 ஏப்ரல் 21 அன்று டெட்ராய்ட் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. 1982இல் கன்வெர்ட்டிபிள்கள் திரும்பி வந்துவிட்டன என்பது வேறு கதை. உங்கள் மாமா வாங்கிய 1979இல் புதிய அமெரிக்கக் கன்வெர்ட்டிபிள் எதுவுமே கடையில் இல்லை. பழையதைத் தேடித்தான் வாங்கியிருக்க வேண்டும்.

கம்ப்ரசரைக் கழற்ற வேண்டாம். பழைய ஆர்-12 கேஸின் உற்பத்தி அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதால், எண்ணெயையும் சீல்களையும் மாற்றி ஆர்-134ஏ என்ற மாற்று கேஸுக்கு ஏற்றபடி செய்துகொள்ளலாம். அந்த வேலை தெரிந்த வேறு மெக்கானிக்கைப் பாருங்கள். அந்த ரசீதுக் கட்டை ஒருமுறை வரிசைப்படுத்திப் படியுங்கள். கேஸ் கிடைப்பது அரிதாகி விலை ஏறிய ஆண்டுகளிலும் மாமா அதை விட்டாரா என்று பாருங்கள். காசைக் கணக்குப் பார்த்துச் செலவழித்தவர், டல்லாஸில் கோடை தொடங்கும் மே மாதத்தில் ஆண்டுதோறும் எதற்குப் பணம் கட்டினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அன்புடன்.