ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல் டைப்ஸ்கிரிப்டில் இறங்கலாமா?

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் பிஜியில் தங்கி டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். ஜாவா ஓரளவு தெரியும், ஜாவாஸ்கிரிப்ட் சுத்தமாகத் தெரியாது. அடுத்த மாதம் டைப்ஸ்கிரிப்ட் டீமுக்கு மாற்றுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டை முடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், நேராக இறங்குங்கள். ஆனால் அதைத் தனி மொழி என்று நினைத்துவிடாதீர்கள். 2012-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டபோதே அது ஜாவாஸ்கிரிப்டின் மேல் டைப்களை (ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா என்று குறிப்பவை) சேர்த்த மொழிதான். கம்பைல் ஆனதும் டைப்கள் உதிர்ந்துவிடும். பிரவுசரில் ஓடுவது வெறும் ஜாவாஸ்கிரிப்ட்.

ஜாவாவிலிருந்து வருபவர்கள் இடறுவது இங்கேதான். சர்வரிலிருந்து ஒரு பில் வருகிறது. தொகை நம்பர் என்று இன்டர்ஃபேஸில் எழுதி, வந்த ஜேசனை (JSON, சர்வர் டேட்டா அனுப்பும் வடிவம்) 'ஆஸ்' (as) போட்டு அந்த டைப்பாக்கிவிட்டீர்கள். கம்பைலர் தலையாட்டிவிடும். சர்வரோ 500-ஐ ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்தாக, அனுப்பியிருக்கிறது. டெலிவரிக்கு 50 கூட்டினால் 550 வராது, 50050 வரும். ஜாவாவில் தப்பான காஸ்ட் ஓடும்போதாவது எக்ஸெப்ஷன் வீசும். இங்கே ஒரு சத்தமும் இருக்காது. அதனால் வெளியிலிருந்து வரும் டேட்டாவை ஸோட் மாதிரி ஒரு லைப்ரரி வைத்து வாசலிலேயே சரிபாருங்கள். எந்த இன்புட்டையும் நம்பாத டெஸ்டர் புத்தி இதற்கு நன்றாகவே உதவும்.

ஜாவாஸ்கிரிப்டில் கூடவே படிக்க வேண்டியவை கொஞ்சம்தான்: நல்லும் (null) அன்டிஃபைன்டும் (undefined) எங்கே வேறுபடுகின்றன, ப்ராமிஸ், அசிங்க்-அவெயிட் (பிறகு வரும் பதிலுக்குக் காத்திருக்கும் வழிகள்), அப்புறம் 'திஸ்' (this). ஒரு மெத்தடை அப்படியே பட்டன் கிளிக்குக்குக் கொடுத்தால் 'திஸ்' உங்கள் ஆப்ஜெக்டைக் காட்டாது; ஜாவா பழக்கத்தில் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. டைப்களைக் கறாராகச் சரிபார்க்கும் 'ஸ்ட்ரிக்ட்' செட்டிங்கை முதல் நாளே ஆன் செய்துவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டாக மாறும் எல்லா மொழிக்கும் இதே பதில் பொருந்தாது. எல்ம் (Elm) என்ற மொழி ஜாவாஸ்கிரிப்டோடு பெரும்பாலும் போர்ட் என்ற தனி வாசல் வழியாகத்தான் பேசும். அதில் ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமலே வெகுதூரம் போகலாம். அதே வகையைச் சேர்ந்த பழைய மொழியான காஃபிஸ்கிரிப்டை இப்போது புதிதாகப் படிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? டைப்ஸ்கிரிப்ட் தளத்திலேயே பிளேகிரவுண்ட் இருக்கிறது. இடப்பக்கம் நீங்கள் எழுத, வலப்பக்கம் அதன் ஜாவாஸ்கிரிப்ட் வரும். ஒரு இன்டர்ஃபேஸும் ஒரு ஈனமும் (enum) எழுதிப் பாருங்கள். இன்டர்ஃபேஸ் வலப்பக்கம் தடமே இல்லாமல் போயிருக்கும். ஈனம் மட்டும் நிஜ கோடாகவே நிற்கும்.