நீலப் பூவும் நித்தியகல்யாணியும்

அன்புள்ள ஐயா,

மகள் படிக்கும் கேம்பிரிட்ஜுக்குச் சித்திரை மாதத்தில் சென்றிருந்தபோது, அந்தப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவை ஒரு பிற்பகல் முழுவதும் சுற்றிப் பார்த்தேன். மரங்களும் கண்ணாடி இல்லங்களும் மனத்தை நிறைத்தன. ஆனால் வேலிச் செடிகளுக்கு இடையே பாத்தி பாத்தியாகப் பிரித்துப் பெயர்ப்பலகை நட்டிருந்த பகுதி எனக்குப் பிடிபடவில்லை. அழகான பூச்செடிக்குப் பக்கத்தில் களை போன்ற ஒன்று நின்றது. நம் நித்தியகல்யாணியைப் போலவே ஒரு நீலப் பூவும் கண்டேன். பலகையில் 'வின்கா' என்றிருந்தது. அந்தப் பகுதியை எப்படிப் பார்த்திருக்க வேண்டும்?

வாசகி, பெரம்பூர்

அன்புள்ள அம்மா,

அது பல்கலைக்கழகத்தின் தோட்டம் என்பதற்கு அந்தப் பாத்திகளே சான்று. டார்வினின் ஆசிரியரான ஹென்ஸ்லோவின் முயற்சியால் 40 ஏக்கரில் அமைந்து 1846இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில், முதல் காப்பாளர் ஆண்ட்ரூ மர்ரே, டி கண்டோல் என்னும் அறிஞர் வகுத்த தாவர வரிசையை அப்படியே தரையில் பாத்திகளாக வகுத்தார். ஒருவித்திலைத் தாவரங்கள் நடுவிலும் இருவித்திலைத் தாவரங்கள் அவற்றைச் சுற்றிலும் அமைந்தன. அங்கே ஒரு செடிக்கு இடம் தருவது அதன் உயரமோ அழகோ அன்று, பூவின் அமைப்பு காட்டும் உறவு. களை என்று தாங்கள் எண்ணியது அந்த அழகிய பூவின் நெருங்கிய சொந்தமாக இருந்திருக்கும்.

நீலப் பூ விஷயத்தில் தங்கள் கண் தவறவே இல்லை. மடகாஸ்கரிலிருந்து வந்து நம் வாசல்களில் நிலைத்துவிட்ட நித்தியகல்யாணிக்குச் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் 1759இல் இட்ட பெயரே 'வின்கா ரோசியா' என்பதுதான். 1837இல் ஜார்ஜ் டான் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்துக் 'காத்தராந்தஸ்' என்ற பெயரின் கீழ்க் கொண்டுவந்தார். ஆயினும் அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் செலுத்தப்படும் வின்கிரிஸ்டின் மருந்தில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. வின்காவும் நித்தியகல்யாணியும் ஒரே குடும்பம். பூசைக்குப் பறிக்கும் நந்தியாவட்டையும், அரளியும், பெரம்பூரில் ரயில் பாதையோரம் தாங்கள் பார்த்திருக்கக்கூடிய எருக்கும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

ஆகவே அடுத்த முறை எல்லாப் பாத்திகளையும் பார்க்க முயல வேண்டாம். ஒரே பாத்தியின் முன் அரை மணி நேரம் நின்று, அதிலுள்ள செடிகளுக்குள் பொதுவானது எது என்று தேடுங்கள். பலகையைக் கடைசியில் படியுங்கள்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒற்றை நந்தியாவட்டையில் மறுநாள் மலரவிருக்கும் மொட்டு ஒன்றையும், ஒற்றை அரளியில் ஒன்றையும் பறித்து, இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டிருக்கும் திசையைக் கவனியுங்கள். ஒன்று இடப்புறம் சுற்றியிருக்கும், மற்றது வலப்புறம். அந்தக் குடும்பத்தின் கிளைகளைப் பிரித்தறியத் தாவரவியலார் பார்க்கும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று. வின்காவும் நித்தியகல்யாணியும் நந்தியாவட்டையின் பக்கம். அரளி நஞ்சுள்ளது, தொட்ட கையை மறவாமல் கழுவிவிடுங்கள்.